யாருக்கு நாற்காலி போடுகிறோம்? டிஜிட்டல் உரிமை மாநாடுகளும் சிதம்பரமும்

ஒரு சர்வதேச மாநாட்டு அறிவிப்பு கண்ணில் பட்டால் பலரும் பேச்சாளர் பட்டியலைத்தான் பார்ப்பாங்க. நான் முதலில் பதிவுப் படிவத்தைத் திறப்பேன். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனோட பழக்கம் அது. எந்தக் கட்டத்துக்குச் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கு, எந்த மொழியில் நிரப்பணும், பாஸ்போர்ட் எண்ணை எதுக்குக் கேட்கிறாங்க, அந்தத் தகவல் கடைசியில் யாருடைய சர்வரில் போய் உட்காரும் என்று பார்த்தாலே, அந்த மாநாடு யாருக்காக நடக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

தலைப்பே "மனித உரிமையும் டிஜிட்டல் தொழில்நுட்பமும்" என்றால் இந்தச் சோதனை இன்னும் கறாராகப் பொருந்தும். மேடையில் பேசப்போவதும் அதைத்தானே? தகவல் யார் கையில் இருக்கு, கதவு யாருக்குத் திறக்குது, பேச்சு யார் மொழியில் நடக்குது. ஆகவே என் வாதம் சுருக்கமாக இது: இப்படிப்பட்ட மாநாட்டில் வாசிக்கப்படும் முதல் ஆய்வுக் கட்டுரை அதன் ஏற்பாடுதான். அந்தக் கட்டுரை பெரும்பாலும் தேறுவதில்லை. ஏன் தேறவில்லை, நம்ம ஊரில் நடத்தினால் எப்படித் தேற வைக்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாட்காட்டிகள்

இந்தத் துறையில் இன்றைக்கு முதலில் சொல்லவேண்டிய பெயர் ரைட்ஸ்கான். ஆக்சஸ் நவ் என்ற அமைப்பு நடத்துவது. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. பிறகு ரியோ, மணிலா, பிரஸ்ஸல்ஸ், டொராண்டோ, துனிஸ் என்று சுற்றியது. கொரோனா காலத்தில் முழுக்க இணையவழி. 2023இல் கோஸ்டாரிகாவின் சான் ஹொசே, 2025 பிப்ரவரியில் தைப்பே. இதற்கு மூத்தது ஐ.நா. சார்பில் நடக்கும் இணைய ஆளுகை மன்றம். 2005இல் துனிஸ் நகரில் நடந்த தகவல் சமூக உச்சி மாநாட்டில் முடிவாகி, 2006 முதல் ஆண்டுதோறும் கூடுகிறது.

இந்த மாநாடுகளின் தேதிகளை ஒரு பக்கமும், நம் பக்கத்தில் நடந்தவற்றை இன்னொரு பக்கமும் எழுதிப் பார்த்தேன்.

2008 டிசம்பர் 3 முதல் 6 வரை இணைய ஆளுகை மன்றம் ஹைதராபாதில் கூடியது. மும்பைத் தாக்குதல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "எல்லோருக்கும் இணையம்" என்பதுதான் மையப்பொருள். அதே டிசம்பர் மாதத்தில் நம் நாடாளுமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தத்தை விவாதமே இல்லாத மாதிரி நிறைவேற்றியது. 66ஏ பிரிவு அதில்தான் வந்தது. யாருக்காவது "எரிச்சல்" உண்டாக்கும் செய்தி அனுப்பினாலே மூன்று வருஷம் வரை சிறை என்று சொன்ன பிரிவு.

2015 மார்ச் 24, 25 தேதிகளில் ரைட்ஸ்கான் மணிலாவில். அதே மார்ச் 24ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவைச் செல்லாது என்றது.

2018 மே 16 முதல் 18 வரை டொராண்டோ. அது முடிந்து நாலாம் நாள், மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. முந்தின வருஷம் ஆகஸ்டில் கொண்டுவந்த தொலைத்தொடர்புச் சேவை நிறுத்த விதிகளின் நிழலில், தமிழ்நாடு பார்த்த பெரிய இணைய முடக்கம் அதுதான்.

இது வெறும் தேதிப் பொருத்தம்தான். ஹைதராபாத் கூட்டத்தால் 66ஏ வரவில்லை, மணிலாக் கூட்டத்தால் போகவும் இல்லை. நான் பார்ப்பது வேறொன்றை. இரண்டு பேச்சும் இவ்வளவு பக்கத்தில் நடந்தும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. தூத்துக்குடியில் வீட்டுக்கு வராத பிள்ளையை எங்கே என்று தேடின அம்மாவுக்கு, நாலு நாளுக்கு முன்னால் டொராண்டோவில் ஒரு அறையில் இணைய முடக்கம் பற்றிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது தெரிய வழியில்லை. டொராண்டோ அறைக்கும் அந்த அம்மாவைத் தெரியாது.

ஆக்சஸ் நவ் கணக்குப்படி 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு வருஷம் உலகிலேயே அதிகமாக இணையத்தை முடக்கிய நாடு இந்தியா. 2023இல் 116 முறை. 2024இல் மியான்மர் 85, நாம் 84, ஒன்றில் முதலிடத்தை "இழந்தோம்". இந்தக் கணக்கை எடுப்பவர்களே நடத்தும் மாநாடு, தைப்பே வரைக்கும் ஒருமுறைகூட தெற்காசியாவில் நடந்ததில்லை. நோயாளி இல்லாத வார்டில் மருத்துவர்கள் ரவுண்ட்ஸ் போகிற மாதிரி இருக்கு.

இடம் பேசும்

நியாயமாகச் சொல்லணும்னா, ஏற்பாட்டாளர்கள் இதை யோசிக்காதவர்கள் இல்லை. 2023இல் சான் ஹொசேயைத் தேர்ந்தெடுத்ததே அமெரிக்க, ஐரோப்பிய விசாத் தொல்லை இல்லாத ஓர் இடம் வேணும் என்கிற எண்ணத்தோடுதான். நடந்ததோ தலைகீழ். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் கிளம்பின பலர் விசா கிடைக்காமல் நின்றார்கள், சிலர் வழியில் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். ஆக்சஸ் நவ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் அது காட்டுகிற உண்மை தெளிவு: எல்லைகள் இல்லாத இணையம் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு முதல் வாசல் குடிவரவு அதிகாரியின் கவுண்ட்டர்.

அரசுகள் சேர்ந்து நடத்தும் கூட்டங்களில் கதை இன்னும் மோசம். 2005 துனிஸ் உச்சி மாநாட்டை வரவேற்று நடத்தியது இணையதளங்களைத் தடைசெய்து, எழுதுகிறவர்களைச் சிறையில் போட்ட பென் அலி அரசு. சமூக அமைப்புகள் தனியாக நடத்த நினைத்த மக்கள் மாநாட்டுக்கு ஊருக்குள் இடமே கிடைக்காமல் செய்தார்கள். 2024 டிசம்பரில் இணைய ஆளுகை மன்றம் ரியாதில் கூடியது. ட்வீட் போட்டதற்காகப் பல வருஷச் சிறைத்தண்டனை விதிக்கும் நாடு அது. அங்கே போய்க் கருத்துரிமை பற்றிக் குழு விவாதம் நடத்தலாம்தான். அந்த விவாதத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்பாரா என்பதுதான் மதிப்பெண்.

இந்தியாவில் நடத்தினால்

சரி, இந்தியாவுக்கு ஏன் வருவதில்லை? நாம் சுலபமான வீட்டுக்காரர்கள் இல்லை என்பதும் ஒரு காரணம். வெளிநாட்டவர் கலந்துகொள்ளும் மாநாடு என்றால் அவர்களுக்கு மாநாட்டு விசா வேணும். அதற்கு முன்னால் வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் அனுமதிக் கடிதங்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் போன்ற சில நாடுகளிலிருந்து வருவோருக்குக் கூடுதல் சோதனை. "மனித உரிமை" என்ற சொல் தலைப்பில் இருக்கும் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

அடுத்தது பணம். 2020 செப்டம்பரில் திருத்திய வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெளிநாட்டுப் பணம் வாங்கும் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்றிருந்தது 20 ஆனது. கணக்கு புது டில்லியில் ஒரே ஒரு ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் தொடங்கணும். ஒரு பெரிய அமைப்பு கடலூரில் இருக்கும் சின்ன மீனவர் சங்கத்தைக் கூட்டாளியாகச் சேர்த்து, பந்தல் செலவுக்குக் காசு கொடுப்பதுகூட இதில் மாட்டும்.

2021 ஜனவரியில் நடந்ததையும் மறக்கக்கூடாது. அரசு நிதி பெறும் பல்கலைக்கழகங்கள் நாட்டின் பாதுகாப்பு, எல்லை, "உள்விவகாரம்" தொடர்பாக இணையவழியில் சர்வதேசக் கருத்தரங்கு நடத்தினால்கூட முன்அனுமதி வாங்கணும் என்று கல்வி அமைச்சகம் உத்தரவு போட்டது. ஜூம் கூட்டத்துக்கு விசா மாதிரி. அறிவியல் கழகங்களே எதிர்த்து எழுதின பிறகு அடுத்த மாதம் திரும்பப் பெற்றார்கள். உத்தரவு போனது. ஆனால் துறைத்தலைவர்களின் மனசில் அது விட்டுப்போன எச்சரிக்கை அப்படியே இருக்கு.

சிதம்பரம், 2012

இவ்வளவு தடை இருந்தால் சின்ன ஊரில் சர்வதேசத் தொழில்நுட்ப மாநாடு முடியவே முடியாதா? முடிந்திருக்கிறதே. 2012 டிசம்பர் 28, 29, 30 தேதிகளில் 11ஆவது தமிழ் இணைய மாநாடு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. உத்தமமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தியவை அந்த மூன்று நாட்கள். அதற்கு முந்தைய வருஷம் பிலடெல்பியா, அதற்கு முன் கோவை, அதற்கு முன் ஜெர்மனியின் கொலோன். அந்த வரிசையில் சிதம்பரம். பல நாட்டுத் தமிழர்கள் வந்தார்கள், தமிழிலேயே கட்டுரை படித்தார்கள், அதே வளாகத்தில் சாப்பிட்டார்கள். விமான நிலையம் இல்லாத ஊர் என்று யாரும் திரும்பிப் போகவில்லை.

தமிழர்களுக்கு இந்த வேலை தெரியும் என்பதுதான் என் முதல் குறிப்பு. 1997 சிங்கப்பூர், 1999 சென்னை என்று தொடங்கி, அரசுகள், பல்கலைக்கழகங்கள், தன்னார்வலர்கள் மூணு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, சண்டை போட்டு, விசைப்பலகையையும் குறியேற்றத்தையும் தரப்படுத்தியவர்கள் நாம். தமிழ்99 விசைப்பலகை அப்படி வந்தது. 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தமிழ்நாடு அரசு ஏற்றது அந்த நீண்ட இழுபறியின் முடிவு.

இரண்டாவது குறிப்பு விமர்சனம். இந்த மாநாடுகளின் மையம் எழுத்துரு, குறியேற்றம், தேடல், ஒளிவழி எழுத்துணரி, இயந்திர மொழிபெயர்ப்பு, கற்பித்தல். எல்லாம் தேவையானவை, நானும் அதன் பலனைத் தின்கிறவன்தான். ஆனால் "தமிழ் திரையில் தெரியுமா?" என்ற கேள்விக்குக் கொடுத்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட, "தெரிந்த பிறகு, அதை எழுதினவனுக்கு என்ன ஆகும்?" என்ற கேள்விக்குக் கொடுக்கவில்லை.

சிதம்பரம் மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்னால், 2012 அக்டோபர் கடைசியில், இங்கிருந்து ரெண்டு மணி நேரத்தில் போகிற புதுச்சேரியில் ஒரு சிறுதொழிலதிபரைக் காலையிலேயே வீட்டிலிருந்து கைதுசெய்தார்கள். அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதினதற்காக. 66ஏதான் பிரிவு. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள், ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக. அந்தக் கைதுகளின் தொடர்ச்சியாகத்தான் ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றம் போனார். தமிழ் இணையம் என்று பெயர்வைத்த எந்த மாநாட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான தலைப்பு அந்தக் குளிர்காலத்தில் இருந்திருக்க முடியாது.

வேடிக்கை என்னன்னா, குறியேற்றச் சண்டையே ஓர் உரிமைச் சண்டைதான். 2010 இறுதியில், தமிழ் யூனிகோடில் கிரந்த எழுத்துகளைச் சேர்க்கலாம் என்ற முன்மொழிவு வந்தபோது எவ்வளவு எதிர்ப்பு! தமிழ்நாடு அரசே தலையிட்டு மத்திய அரசை நிறுத்திவைக்கச் சொன்னது. தொழில்நுட்ப ரீதியாக யார் சரி என்ற கேள்வியை விடுங்கள். "எங்களைக் கேட்காமல் எங்கள் எழுத்தைப் பற்றி கலிபோர்னியாவில் முடிவெடுக்காதே" என்று ஒரு மொழிச் சமூகம் சொன்னதே, அது சுத்தமான டிஜிட்டல் உரிமைக் கோரிக்கை. நாம் அதை மொழிப்பற்று என்று மட்டும் அழைத்துவிட்டோம். அதனால் எழுத்துக்காகக் கிளம்பின கோபம், எழுதுகிறவருக்காகக் கிளம்பவில்லை.

ஆக இரண்டு மாநாட்டுக் குடும்பங்கள். ஒன்றுக்கு உரிமை தெரியும், தமிழ் தெரியாது. இன்னொன்றுக்குத் தமிழ் தெரியும், உரிமை பேசுவதில்லை.

கடலூரிலிருந்து மூன்று அமர்வுகள்

இங்கே நடத்தினால் என்ன பேசுவது என்று கேட்பவர்களுக்கு மூன்று தலைப்புகள்.

முதலாவது, விரல். பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம் உண்டு, தோலை அரிக்கும். வருஷக்கணக்கில் உடைத்தால் விரல் நுனி கறுத்து, ரேகை மழுங்கும். ரேஷன் கடைக் கருவிக்கு அந்த ரேகைதான் வேணும். 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பில் 4–1 பெரும்பான்மை, மானியங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்றது. கூடவே, சரிபார்ப்பு தோற்றதால் தகுதியானவர் யாரும் விடுபடக்கூடாது என்ற உறுதிமொழியையும் பதிவுசெய்தது. அந்த உறுதிமொழி கடைக்காரரின் கவுண்ட்டர்வரை வந்து சேர்ந்ததா என்பதைச் சொல்லக்கூடியவர் அந்தப் பெண்தான். பயோமெட்ரிக் பற்றி உலகம் முழுக்கப் பேசுகிற எவரையும்விட அவருக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, படகு. 2024 ஆகஸ்ட் 30 அன்று மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் ட்ரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். புயல் வந்தால் எச்சரிக்கை, ஆபத்தில் இருந்தால் செய்தி அனுப்பலாம், எல்லை நெருங்கினால் தெரியும். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த தேவனாம்பட்டினத்தில் இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? உயிர் காக்கும் கருவி. அதே கருவி படகு இருக்கும் இடத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மீன் கிடைக்கிற இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே சொல்லாத தொழில் இது. அந்தப் பதிவு எத்தனை நாள் இருக்கும், எந்தத் துறைகள் பார்க்கும், வழக்கு வந்தால் படகுக்காரருக்கு அதன் நகல் கிடைக்குமா? கருவி கையில் வரும்போதே இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வரணும்.

மூன்றாவது, வாளி. 2004இல் கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 1990களில் அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்து மக்களுக்காக உருவான மலிவான முறை அது. "நாற்றம் அடிக்குது சார்" என்ற புகார் அன்றிலிருந்து தரவு ஆனது. டிஜிட்டல் உரிமைப் பேச்சில் தரவு என்றாலே நம்மிடமிருந்து எடுக்கப்படுவது என்றுதான் வரும். நாமே எடுத்த தரவு என்ற எதிர்க்கதை சிப்காட் ஓரத்தில் இருபது வருஷமாக இருக்கு. அதைப் பேசப் பெரிய அரங்கம் கிடைத்திருக்கிறதா?

சொற்களின் கணக்கு

மேலே உள்ள மூன்று பேரையும் மேடை ஏற்றினால், எந்தச் சொல்லில் பேசுவது என்பது அடுத்த பிரச்சினை. பிரைவசி என்பதற்குத் தனியுரிமை என்று எழுதுகிறோம். ஒரு கடைக்காரரிடம் அதைச் சொன்னால் "ஏகபோக விற்பனை உரிமையா?" என்று கேட்பார், சொல்லில் அந்த அர்த்தமும் இருக்கே. அந்தரங்கம் என்றால் படுக்கையறை மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கன்சென்ட் என்பதற்கு ஒப்புதல், இசைவு, சம்மதம் எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் பக்கம் அது நடைமுறையில் ஒரே வாக்கியம்: "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." சொல்லியாச்சு, சம்மதம் ஆச்சு.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமின்றி எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலும் படிக்க வசதி தரணும் என்கிறது. காகிதத்தில் நல்ல விதி. அந்தத் தமிழ் அறிவிப்பை எழுதப்போவது யார்? மொழிபெயர்ப்பு எந்திரம் துப்புகிற தமிழாக வந்தால், புரியாத ஆங்கிலத்துக்குப் பதில் புரியாத தமிழில் "ஆம்" அமுக்குவோம். ஒரு மாநாடு மூன்று நாளில் நூறு சொற்களை மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்தால், அதுவே பெரிய வேலை. குறியேற்றத்துக்குப் பத்து வருஷம் உட்கார்ந்த சமூகத்துக்கு இது முடியாதா?

ஏற்பாட்டுக் குறிப்புகள்

இனி நடைமுறை. நான் படிவம் எழுதுகிறவன் என்பதால் படிவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பதிவில் கேட்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம், ஓர் அழிக்கும் தேதி. "உணவு: சைவம் / அசைவம் / ஹலால் / ஜெயின்" என்பது சமையல்காரருக்கான எண்ணிக்கை. அதைப் பெயர், பாஸ்போர்ட் எண் இருக்கும் அதே எக்ஸெல் தாளில் வைத்தால், வந்தவர்களின் மத விவரப் பட்டியல் தயார். அந்தத் தாளைத் தன்னார்வலர் யாராவது வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருக்கமாட்டார். உணவுக்கு டோக்கன் போதும், பெயர் வேண்டாம்.

அடையாள எண்ணுக்குச் சிவப்பு நட்சத்திரம் கூடாது. தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் பாஸ்போர்ட்டே இல்லாமல் முப்பது, நாற்பது வருஷம் இருக்கும் ஈழத்தமிழர்கள் உண்டு. டிஜிட்டல் அடையாளம் பற்றி அவர்களைவிடச் சொல்லத் தகுந்தவர் யார்?

வெளிநாட்டவர் லாட்ஜில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் போகணும், அது சட்டம். அதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடணும். தன் நாட்டில் கண்காணிக்கப்படும் ஒருவர், இங்கே தன் பெயர் எந்தெந்தப் பதிவேட்டில் ஏறும் என்று தெரிந்தபிறகு வருவதா வேண்டாமா என்று முடிவுசெய்யட்டும். மாநாட்டு ஆப் வேண்டாம், அச்சடித்த நிகழ்ச்சி நிரல் போதும். புகைப்படம் எடுக்கவேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டை.

மேடை மொழி தமிழ். ஆங்கிலம், இந்தி, சிங்களம் காதில் மொழிபெயர்ப்பாக வரட்டும். முன்மொழிவைப் பேசிப் பதிவுசெய்த ஒலிக்கோப்பாகவும் ஏற்கணும், இல்லாவிட்டால் முந்திரி உடைப்பவர் எப்படி விண்ணப்பிப்பார்? அவர் வரும் நாளுக்கு அன்றைய கூலியும் கொடுக்கணும். பேராசிரியருக்குப் பயணப்படி உண்டு, அவருக்கு மட்டும் "கௌரவம்" போதுமா?

தேதி: ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம், மழை. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரத்தில் லாட்ஜ் கிடைக்காது. தை முடிந்து மாசி நல்லது.

தமிழில் நடத்தினால் சர்வதேசமா?

இந்தக் கேள்வி வரும், தெரியும். "தமிழில் பேசினால் உள்ளூர்க் கூட்டம் ஆகிவிடாதா?"

இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு சமூக ஊடகங்களை முடக்கினார்கள். 2024 முதல் அங்கே நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2019இல் வந்த பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம். இந்தியாவில் மேலே சொன்னவை. யாழ்ப்பாணத்தில் ஒருவர், சிங்கப்பூர் தேக்காவில் ஒருவர், கடலூரில் ஒருவர், மூவரும் ஒரே வாக்கியத்தைத் தமிழில் பதிவிட்டால் மூன்று சட்டங்கள், மூன்று விதமான விளைவு. ஒரே மொழியை வைத்துக்கொண்டு இத்தனை ஆட்சிகளின்கீழ் வாழும் சமூகம், டிஜிட்டல் உரிமையை ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த ஆயத்தமான ஆய்வுக்கூடம். ஆங்கிலம் தெரிந்தால்தான் சர்வதேசம் என்பது பழக்கம், விதி கிடையாது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது: மாநாடு நடத்தி என்ன ஆகும்? 66ஏவை விழவைத்தது ஒரு வழக்கு, மாநாடு இல்லையே? உண்மை. ஆனால் அந்தப் பிரிவு 2015இல் செத்த பிறகும் பல காவல் நிலையங்கள் அதன்கீழ் வழக்குப் பதிந்துகொண்டே இருந்தன. 2021இல் உச்ச நீதிமன்றமே இதைக் கேட்டு அதிர்ச்சி தெரிவித்தது. டில்லியில் வென்ற உரிமை எஸ்.ஐ. மேசைக்கு வந்துசேர ஆறு வருஷமும் போதவில்லை. அந்தத் தூரத்தைத் தீர்ப்பு கடக்காது. பக்கத்து ஊர்க்காரர், மீனவர் சங்கத்துச் செயலாளர், உள்ளூர் வக்கீல், பத்திரிகை நிருபர் என்று பத்துப் பேர் ஒரே அறையில் ஒரே மொழியில் கேட்டுக்கொண்டு போனால்தான் கடக்கும்.

அடுத்தமுறை இப்படி ஒரு மாநாட்டு அறிவிப்பு உங்களுக்கு வந்தால், பேச்சாளர் பட்டியலை அப்புறம் பாருங்கள். முதலில் படிவத்தைத் திறந்து, ரேகை தேய்ந்த ஒரு பண்ருட்டிக்காரம்மா இதை நிரப்ப முடியுமா என்று ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் நின்றுபோனார் என்று ஏற்பாட்டாளருக்கு எழுதி அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.